ஐஸ் கரைந்த நூறு நிமிடங்கள்

செவ்வாய்க்கிழமை, மதியம்

பேராசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், வீடு சுகம், மாடியில் தண்ணீர்த் தொட்டி மட்டும் ஒழுகுகிறது. நீங்கள் சுகமாக இருப்பதை நேற்றுக் காலை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதனால் தனியாக விசாரிக்கவில்லை. முகத்தில் பவுடர் கொஞ்சம் கூடுதல். கழுத்தில் பூசாமல் விட்டுவிட்டார்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீங்கள் அதை முடித்துவைக்கிறீர்கள், அதுவும் நான் நினைக்காத விதமாக. இருபத்தாறு வருஷமாக என்னுடைய பாதி வாக்கியங்களோடுதான் குடும்பம் நடத்தினீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே விடுதி அறையில் நிதானமாக உட்கார்ந்து, ஒரு காபி வரவழைத்துக்கொண்டு படியுங்கள். ஆமாம், காபிதான். ஊர் உலகத்தையெல்லாம் டீ குடிக்கச் சொல்லும் மனிதர் ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்ததே இல்லை என்பது எனக்கும் உங்கள் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். நாக்கில் கசப்பு ஒட்டிக்கொள்கிறது என்பீர்கள்.

நிகழ்ச்சியில் பேசியதைக் கேட்டேன். கறுப்புத் தேயிலையில் உள்ள பாலிபினால்கள் ஈரலில் விஷத்தை முறிக்கும் என்சைம்களை மூன்று மடங்காக்குகின்றன என்றீர்கள். நம் கட்டுரையில் இரண்டு மடங்கு என்றுதான் இருக்கிறது. விமானத்தில் போகும்போது ஒரு மடங்கு ஏறிவிட்டது போலிருக்கிறது. டீ குடித்தவை எட்டு எலிகள் என்பதையும், நாலு வாரம் தண்ணீருக்குப் பதிலாக அதைத்தான் குடித்தன என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. மனிதர்கள் என்றும் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நாணயமானவர். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ‘நம் உடம்பில்’ என்றீர்கள். நிகழ்ச்சி நடத்திய பெண் கண்ணை அகல விரித்துக்கொண்டு தலையாட்டினாள். பாவம், அவளுக்கு அதற்குத்தான் சம்பளம்.

டப்பாக்காரர்கள் நாற்பது டப்பா அனுப்பியிருக்கிறார்கள். தேயிலைச் சத்துப் பொடி, தினமும் ஒரு கரண்டி. முன்னறையில் சுவர் ஓரமாக அடுக்கிவைத்திருக்கிறேன், செருப்பு போட்டுக்கொள்ளும்போது பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உங்கள் படம். வெள்ளைக் கோட்டு, கையில் டெஸ்ட் டியூப், அதற்குள் பச்சைத் தண்ணீர். கறுப்புத் தேயிலை விற்கிற டப்பாவில் பச்சைத் தண்ணீர் எதற்கு என்று கேட்க அங்கே ஒரு ஆள்கூட இல்லையா? அந்தக் கோட்டும் உங்களுடையது இல்லை, தோள் தொங்குகிறது.

கடைத்தெருவில் எலியாரைப் பார்த்தேன். உங்களுக்கு அவர் பெயர் நினைவிருக்காது என்பதால் சொல்கிறேன், நம் ஆய்வகத்தில் முப்பது வருஷம் எலிக் கூண்டு கழுவியவர். உங்களை இன்னும் ‘மைக் சார்’ என்றுதான் சொல்கிறார். ‘மைக் சார் டிவில நல்லா பேசினாரு, செத்துப்போன எலிங்களுக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்’ என்றார். நான் சிரித்துவிட்டேன். நன்றி சொல்வதில் நீங்கள் குறை வைத்ததே இல்லையே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத உட்கார்ந்தது அண்ணியைப் பற்றி, உங்கள் அக்காவைப் பற்றி.

நாலு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அக்காவின் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அப்போது நீங்கள் ஒரு கருத்தரங்கில் இருந்தீர்கள். அந்த வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை போட வேண்டும். மாசம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அளவு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். போன வாரம் நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். அளவு ஒன்று புள்ளி நாலு. டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். அண்ணி மின்விசிறியைப் பார்த்தார்.

மறுநாள் தையல் கடைக்குப் போனேன். வழக்கம்போல நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. ரவிக்கைக்கு ஒரு பொத்தான் வேண்டும் என்று பொத்தான் டப்பாவைத் திறந்தேன். அடியில் அரை மாத்திரைகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று. உங்கள் அக்கா எதையும் தூக்கிப் போடமாட்டார், துணி வெட்டியது போக மிஞ்சும் துண்டைக்கூட. மாத்திரையை உடைத்துப் பாதியைப் போட்டுக்கொண்டு மீதியைப் பத்திரமாகச் சேர்த்துவைத்திருக்கிறார்.

ஏன் என்று கேட்டதற்கு அவர் மறைக்கவில்லை. அந்த மாத்திரையில் இருக்கும்போது விரலில் ஊசி பட்டால் ரத்தம் நிற்பதில்லை. வெள்ளைச் சட்டை, காலரில் ஒரு பொட்டு விழுந்தால் அந்தச் சட்டை போச்சு. போன தவணையில் பதினேழு சட்டை அப்படிப் போனதாம். ‘நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு கறை வெச்சுக் குடுத்ததில்லம்மா நான்’ என்றார். அப்புறம் உங்கள் பேச்சு. ‘தம்பிதான் சொல்றானே, மருந்தும் உடம்புக்கு விஷம் மாதிரிதான், ஈரல்தான் எல்லாத்தையும் கழுவணும்னு. பொடி அந்த வேலைய ரெண்டு மடங்கு செய்யுதாம். அப்ப எனக்கெதுக்கு முழு மாத்திரை? பாதி போதும்.’ தினமும் மூன்று கரண்டி போடுகிறார். டப்பாவில் ஒன்று என்றுதான் போட்டிருக்கிறதே என்றேன். சொந்தத் தம்பி பொடி, அளந்தா போடுவாங்க என்றார்.

உங்கள் கூட்டங்களில் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். பதினொரு வருஷம் உங்கள் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவள் என்ற உரிமையில்.

ஈரலில் இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், நமக்குக் கல்யாணம் நிச்சயமான புதிதில். நன்றாகவே சொல்லிக்கொடுத்தீர்கள். முதல் கட்டத்து என்சைம்கள் வாசல் காவலாளி மாதிரி, உள்ளே வந்த வேற்றாளைப் பிடித்து உலுக்குகின்றன. உலுக்கியதில் சில ஆசாமிகள் முன்பைவிட மோசமாகிவிடுவதும் உண்டு. இரண்டாம் கட்டத்து என்சைம்கள் அவர்கள் கையில் சீட்டு கொடுத்து, தண்ணீரில் கரையவைத்து, சிறுநீர் வழியாக வெளியே அனுப்புகின்றன. அந்த என்சைமுக்குக் கண் கிடையாது. நீங்கள் புகையை விஷம் என்பீர்கள், டாக்டர் கொடுத்ததை மருந்து என்பீர்கள், அதற்கு இரண்டும் வேற்றாள்தான். அப்படியென்றால், நீங்கள் டிவியில் சொன்னது நிஜமாக இருந்தால், அண்ணியின் மாத்திரையையும் அந்த மூன்று மடங்கு ஈரல் அவசர அவசரமாகக் கழுவி வெளியே தள்ளலாம், அப்போது முழு மாத்திரைகூடப் போதாமல் போகலாம். நிஜம் இல்லையென்றால் நீங்கள் பொய் விற்கிறீர்கள். இரண்டில் எது என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் அக்கா பாதி மாத்திரையில் நிற்கிறார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். டாக்டர் சொன்னாலும் கேட்கவில்லை, ‘அவங்க மாத்திரைதானே விப்பாங்க’ என்கிறார். உங்களுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போனபிறகு மெஷின் மிதித்து உங்களைப் படிக்கவைத்தவர் அவர். அவரைப் பொறுத்தவரை நீங்கள் வாயைத் திறந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. எத்தனையோ பேருக்கு எதையோ சொல்கிறீர்கள். அவருக்கு இதைச் சொல்லுங்கள். போன் செய்து, பொடியை நிறுத்து, முழு மாத்திரையும் போடு என்று சொல்லுங்கள். அரை நிமிஷம் ஆகும். கைதட்டல் கிடைக்காது, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

தொட்டிக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைக்க மறந்துவிட்டீர்கள், அங்கே குளிரும். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டப்பாக்களுக்குக் காவல் இருக்கும்
மனைவி


சனிக்கிழமை, ஆஸ்பத்திரி

பேராசிரியர் அவர்களுக்கு,

இதை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பப் போகிறேன், காகிதம் பின்னால் வந்து சேரட்டும். அண்ணி உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நடுவில் படிப்பதை நிறுத்திவிடக்கூடியவர்.

கூரியரில் போட்ட என் கடிதம் புதன்கிழமை கிடைத்ததும் நீங்கள் போன் செய்தது உண்மைதான், அந்தப் பெருமையை உங்களிடமிருந்து பறிக்கமாட்டேன். அண்ணி ஓடி வந்து என்னிடம் சொன்னார், முகமெல்லாம் பூரிப்பு. ‘தம்பி பேசினான். பொடி நல்லது, விடாம சாப்பிடுக்கா, டாக்டர் சொல்றதையும் கேட்டுக்கோன்னு சொன்னான்’ என்றார். ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் தலையாட்ட உங்களால்தான் முடியும். முன்பாதியை அவர் பிடித்துக்கொண்டார், பின்பாதி காதிலேயே விழவில்லை. அது அப்படித்தான் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு வந்த உங்கள் செய்தியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆபத்து ஒன்றுமில்லை, பதறாதே, பதினெட்டாம் தேதி பொடி வெளியீட்டு விழா இருக்கிறது, அதுவரைக்கும் இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். இருபது வார்த்தைகூட இல்லை. மைக் இல்லாவிட்டால் எவ்வளவு சிக்கனமாகப் பேசுகிறீர்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அண்ணி துணி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்கு வலது கை எழும்பவில்லை. பக்கத்து மெஷினில் இருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், வார்த்தை கோணிக்கொண்டு வந்திருக்கிறது, தான் சரியாகத்தான் பேசுகிறோம் என்று நினைத்து அந்தப் பெண்ணைத் திட்டியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது மேஜைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு சட்டையின் பாதி. கால் மணி நேரத்தில் கை திரும்பி வந்தது, பேச்சும் வந்தது. அப்படியும் விடாமல் இங்கே கொண்டுவந்து சேர்த்தேன்.

டாக்டர் அம்மா ஸ்கேன் படங்களைப் பார்த்தார், இதயத்துக்கு எக்கோ எடுத்தார். வால்வில் ரத்தக்கட்டி சேர ஆரம்பித்திருக்கிறது, அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போயிருக்கிறது என்றார். ‘இந்தத் தடவை சின்னது, தானா கரைஞ்சிடுச்சு. அடுத்ததும் சின்னதா இருக்கும்னு என்னால எழுதித் தர முடியாது’ என்றார். பொடி மாத்திரையோடு மல்லுக்கு நின்றதா, பாதி மாத்திரைதான் காரணமா என்று கேட்டேன். பொடியைப் பற்றித் தனக்கு உறுதியாகத் தெரியாது, பாதி மாத்திரை ஒன்றே இதற்குப் போதும் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆளைப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகிவிட்டது.

இப்போது ஊசியில் மருந்து போகிறது. திங்கட்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கப்புறம் மாத்திரை அவர் கையில், அவர் வாயில். நான் எதிரே நின்று பார்த்தாலும் நாக்குக்கு அடியில் ஒதுக்கத் தெரிந்தவர். நேற்றுக் காலை கண் திறந்ததும் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? டப்பாவைக் கொண்டுவந்தாயா என்றுதான். ஒரு நாள் பொடி போடாததால்தான் உடம்பு அசதியாக இருக்கிறதாம்.

அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

என்ன சொன்னேன் என்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன், நீங்கள் வேறு கதை கட்டாமல் இருப்பதற்காக. நீங்கள் மறந்திருக்கவும் கூடும், மறப்பதில் உங்களுக்கு லாபம் இருக்கிறது.

அந்தக் கட்டுரைக்கான சோதனை நடந்த அன்று, ஆய்வகத்தின் கீழ்த்தளத்து ஐஸ் மெஷின் மூன்று நாளாக ஓடவில்லை. எலியார் வெளியே கடையிலிருந்து ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்தார், மரத்தூள் ஒட்டிய ஐஸ். ஈரலை வெளியே எடுத்த நொடியிலிருந்து ஐஸில் வைக்க வேண்டும், சூடு ஏறினால் என்சைம் கெட்டுப்போகும், முதலாண்டு மாணவிக்கும் அது தெரியும். காலையில் டீ குடித்த எட்டு எலிகளின் ஈரலையும் புது ஐஸில் வைத்து, அரைத்து, சுழற்றி, மெஷினில் வைத்து அளந்து முடித்துவிட்டேன். நிறம் ஏறும் வேகத்தை நீங்களே நின்று பார்த்தீர்கள். அடுத்து தண்ணீர் குடித்த எட்டு கன்ட்ரோல் எலிகள். ஈரல்களைக் கழுவி பீக்கரில் போட்டு மிச்ச ஐஸில் வைத்தேன். மணி பதினொன்று பத்து. நீங்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தீர்கள். பதவி உயர்வுக் கடிதம் வந்துவிட்டது, எல்லோரும் கூட்ட அறைக்கு வாருங்கள், கேக் வெட்டப் போகிறேன் என்றீர்கள். ஈரல் வெளியே இருக்கிறது, நான் வரவில்லை என்றேன். ‘அஞ்சு நிமிஷம். என் பெண்டாட்டி இல்லாம கேக் வெட்டினா நல்லாவா இருக்கும்’ என்றீர்கள். வந்தேன். கேக்குக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனது. மீதி எல்லாம் உங்கள் நன்றியுரை. பள்ளிக்கூட வாத்தியாரில் ஆரம்பித்து வாசல் காவலாளி வரைக்கும் நன்றி சொன்னீர்கள்.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. நூறு நிமிடம். வாளியில் தண்ணீர்தான் இருந்தது, விரலை விட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியே இல்லை. அளந்து பார்த்தால் கன்ட்ரோல் ஈரல்களில் என்சைம் பாதிக்குப் பாதி. டீ ஈரல்களோடு ஒப்பிட்டால் டீ இரண்டு மடங்கு. நீங்கள் துள்ளிக் குதித்தீர்கள். டீ எதையும் ஏற்றவில்லை ஐயா, உங்கள் நன்றியுரை இறக்கிவிட்டது.

டீ ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்யலாம். மற்ற ஆய்வகங்களில் சில என்சைம் ஏறியது என்கிறார்கள், சிலது இறங்கியது என்கிறார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எந்த எலிக்கு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்கிறார்கள். அவர்கள் பதில் தேடுகிறார்கள். நம்மிடம் இருந்தது ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர்.

அன்றைக்கே சொன்னேன், இதை விட்டுவிடுவோம், புதிதாகப் பதினாறு எலி வாங்கி மறுபடியும் நாலு வாரம் செய்வோம் என்று. ‘கருத்தரங்குக்கு மூணு வாரம்தான் இருக்கு. நம்பர் வந்தாச்சு, எழுது’ என்றீர்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்தேன், பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை ஐஸ் இல்லை என்று. மறுநாள் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுக்கச் சொன்னீர்கள், அந்த ஒரு வரி மட்டும் இல்லாமல். எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, முத்து முத்தாக எழுதினேன். கல்யாணமாகி ஏழு மாசம். என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே கேவலமான வேலை அது, அதையும் சுத்தமாகச் செய்தேன். உங்களை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஏமாற்றுகிறவனுக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நல்ல கையெழுத்தில் எழுதிக்கொடுக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. இருபத்தாறு வருஷமாக அந்த ஆள் நான்தான்.

பென்சில் எழுத்து உள்ள பக்கத்தை நான் கிழித்துப் போடவில்லை, மறுநாள் எழுதிய பக்கத்தின் ஜெராக்ஸோடு சேர்த்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று இரண்டு பக்கத்தையும் கொண்டுபோய் அண்ணியின் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெட்டிய துணியைச் சரி பார்ப்பதுபோல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார், ‘ரெண்டும் உன் கையெழுத்துதானே? அப்ப பொய் எழுதினது நீ. என் தம்பி எங்கம்மா எழுதினான்?’ என்று.

அவர் விடவில்லை. ‘அவன் பேரு வெளிய வர்றது உனக்குப் பிடிக்கல. அந்தக் காலத்துலேர்ந்தே பிடிக்கல. வேலைய விட்டப்புறம் அதிகமாயிடுச்சு’ என்றார். பேச்சு போன நாக்கு இவ்வளவு கூர்மையாகத் திரும்பி வந்திருக்கிறதே என்று ஒரு பக்கம் எனக்கு நிம்மதி. இன்னொரு பக்கம், இத்தனை வருஷமாக நானும் உங்களைக் காப்பாற்றிக் காப்பாற்றித்தானே அவரை இப்படி ஆக்கியிருக்கிறேன் என்று இருந்தது. நீங்கள் கருத்தரங்குக்குப் போனதால் அவருடைய ஆபரேஷனுக்கு வரமுடியவில்லை என்றுதானே அன்று அவரிடம் சொன்னேன். கருத்தரங்கு முந்தின நாளே முடிந்துவிட்டது என்பதை இன்றுவரை சொல்லவில்லை. உங்களைப் பற்றி அவர் வைத்திருக்கும் படத்தில் பாதி நான் வரைந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து, நடந்ததை எழுதி, என் கையெழுத்துப் போட்டு, கட்டுரை வந்த பத்திரிகைக்கும் உங்கள் நிறுவனத்தின் இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நான் பிரதி எடுத்ததையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். இது மிரட்டல் இல்லை. மிரட்டல் என்றால் இன்னும் அனுப்பாமல் வைத்திருப்பேன். நீங்கள் இனி என்ன செய்தாலும் அது போய்ச் சேரும். உங்கள் விழாவுக்கு முன்னால் சேருமா பின்னால் சேருமா என்று தெரியாது. டப்பாக்காரர்கள் உங்கள் படத்தை எடுத்துவிட்டு வேறு ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்வார்கள், அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் தபால் மெதுவாகப் போகும். பத்திரிகைக்காரர்கள் கூடிப் பேசி, உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, நீங்கள் பதினைந்து பக்கம் விளக்கம் எழுதி, அது முடிய ஒரு வருஷம் ஆகும். உங்கள் அக்காவின் வால்வில் இருக்கும் கட்டி அவ்வளவு நாள் காத்திருக்காது. ஆகவே, இத்தனையும் எழுதியது இந்த ஒன்றைக் கேட்கத்தான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு. நாலு மணிக்கு என் போனுக்குக் கூப்பிடுங்கள். நான் எடுத்து அண்ணியின் காதில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ‘அக்கா, அந்த ரிசல்ட் பொய். பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். அவ எழுதினது நான் சொல்லித்தான்.’ தவறு நடந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், அவர் உடனே அந்தத் தவறை என் தலையில் கட்டிவிட்டுப் பொடியைக் கலக்கிவிடுவார். ஆய்வு தொடர்கிறது என்று சொல்லாதீர்கள். டாக்டர் சொல்வதையும் கேட்டுக்கொள் என்று இழுக்காதீர்கள். ‘தெரிஞ்சேதான்’ என்ற வார்த்தை கட்டாயம் வர வேண்டும். அதற்கப்புறம் முழு மாத்திரை போடு என்று சொல்லுங்கள்.

அவர் அழுவார். உங்களைத் திட்டவும் செய்யலாம், எனக்குத் தெரிந்து இதுவரை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. போனை வைத்துவிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நீங்கள் யாரிடம் என்ன சொன்னாலும் நான் மறுக்கப் போவதில்லை, பொறாமைக்காரி, நன்றி கெட்டவள், எது வேண்டுமானாலும். வீட்டுச் சாவி எலியாரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அண்ணி வீட்டில் நான் கொஞ்ச நாள் இருப்பேன், அவர் என்னை உள்ளே விட்டால்.

உங்களை ஒரு நல்ல காரியம் செய்யச் சொல்லிக் கேட்பது இதுதான் கடைசி. உங்கள் அக்காவுக்கு இந்த உலகத்தில் நம்பிக்கை என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். அதை நாளைக்கு அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். உங்களை நம்பாமலும் ஒருத்தி உயிரோடு இருந்துவிடலாம், நான் இருக்கிறேனே. முதல் இரண்டு வருஷம்தான் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும் என்று நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

நாலு மணி. மறக்க வேண்டாம்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்,
மனைவி